143 வரி எக்ஸெல் ஷீட்டை ஒழித்தது: ஆபீஸ் பாஸ்வேர்டுகளுக்கு ஒரு பெட்டகம்

போன மாதம் எங்கள் ஆபீஸிலிருந்து ஒரு சீனியர் மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போனார். அவர் கைக்குப் போயிருந்த பாஸ்வேர்டுகள் மொத்தம் 19. அன்று மாலையே எங்கள் பாஸ்வேர்டு பெட்டகத்தில் அவர் கணக்கை மூடினோம். மறுநாள் காலை உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்குள் 19-ஐயும் மாற்றி முடித்தோம். அவருக்கு முன்னால் ஒருவர் போனபோது எதை மாற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் எதையுமே மாற்றவில்லை. இப்போது இந்தப் பெட்டகம் வேலை செய்கிறது என்று தைரியமாகச் சொல்ல முடிவதால், அதை அமைத்த கதையை எழுதி வைக்கிறேன்.

திருப்பூரில் நடுத்தர பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி. தையல் பிரிவில் நூற்றுச் சொச்சம் பேர். ஆபீஸில் கம்ப்யூட்டர் தொடுகிறவர்கள் 11 பேர். நான் அக்கவுண்ட்ஸ். பிரிண்டர் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்பதால் சிஸ்டம் வேலையும் என் தலையில்.

பொது ஃபோல்டரில் 'பாஸ்வேர்ட் ஃபைனல் நியூ 2' என்று ஒரு எக்ஸெல் ஷீட் இருந்தது. அதைத் திறக்கவும் ஒரு பாஸ்வேர்டு: கம்பெனி பெயர், பின்னால் 123. உள்ளே 143 வரி. ஜி.எஸ்.டி, இ-வே பில், வருமான வரி, டி.டி.எஸ்ஸுக்கான டிரேசஸ், பி.எஃப், இ.எஸ்.ஐ, கஸ்டம்ஸின் ஐஸ்கேட், டி.ஜி.எஃப்.டி, பையர்களின் ஆர்டர் போர்ட்டல்கள், டெஸ்டிங் லேப், கூரியர், மெயில், சி.சி.டி.வி, கெஸ்ட் வைஃபை எல்லாம் ஒரே இடத்தில். 31 வரிகளில் ஒரே பாஸ்வேர்டு, கடைசி எண் மட்டும் மாறியிருக்கும். ஷீட்டில் இல்லாதது வாட்ஸ்ஆப் குரூப்பில் இருக்கும்.

முதலில் கீபாஸ்எக்ஸ்சி போட்டேன். இலவசம், நல்ல மென்பொருள், நெட் வேண்டாம். எல்லாப் பாஸ்வேர்டும் ஒரே ஃபைலில் பூட்டி இருக்கும். அந்த ஃபைலைப் பொது ஃபோல்டரில் வைத்தேன். தனி ஆளுக்கு இன்றும் இதைத்தான் சொல்வேன். 11 பேருக்கு ஒத்துவரவில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்து வைத்து மாற்றினால், ஃபைல் வெளியே மாறியிருக்கிறது, சேர்க்கவா, மேலே எழுதவா என்று கேட்கும். அவசரத்தில் எவரும் படிப்பதில்லை, முதலில் கண்ணில் படும் பட்டனை அழுத்திவிடுவார்கள். அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். ஃபைலுக்கு ஒரே சாவி என்பதுதான் தீராத சிக்கல். திறந்தவருக்கு எல்லாம் தெரியும், வெறும் கூரியர் பாஸ்வேர்டு தேடி வந்தவருக்கும். போகிறவர் ஃபைலின் ஒரு நகலைப் பென்டிரைவில் வைத்திருந்தால், நாம் இங்கே சாவியை மாற்றினாலும் அவரிடம் உள்ள நகல் பழைய சாவிக்குத் திறக்கும். பூட்டு நல்லதாகிவிட்டது, மற்றபடி அதே எக்ஸெல்தான்.

அடுத்து கிளவுட் சேவைகளைப் பார்த்தேன். பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டு பெட்டகச் சேவையின் டீம்ஸ் திட்டம், நான் கணக்குப் போட்டபோது, ஆளுக்கு மாதம் 4 டாலர். 11 பேருக்கு வருடம் 528 டாலர். முதலாளியிடம் கொண்டு போனேன். "பாஸ்வேர்டு எழுதி வெக்கறதுக்கு டாலர்ல கட்டோணுங்களா?" என்றார். கூடவே, 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற அதே மாதிரிச் சேவையிலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்களையே திருடிப் போனதை எங்கோ கேட்டு வைத்திருந்தார். அந்தத் திருட்டில் பாஸ்வேர்டுகள் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன, இணைய முகவரிகள் அப்படி இல்லை. பெட்டகத்தைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டு சொத்தையாக இருந்தவர்களுக்குத்தான் நிஜமான ஆபத்து. சொந்தமாக வைத்தாலும் அந்த ஆபத்து அப்படியே இருக்கும் என்று சொன்னேன். டாலர் என்ற சொல் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தது.

ஆபீஸில் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பார்க்க ஒரு ஆள் இல்லையென்றால் பணம் கட்டி கிளவுடிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் இருந்ததால் வால்ட்வார்டன் பக்கம் போனோம். ரஸ்ட் மொழியில் எழுதிய இலவச சர்வர் மென்பொருள் அது. பிட்வார்டனின் மொபைல் ஆப்பும் பிரவுசர் எக்ஸ்டென்ஷனும் அப்படியே இதோடு பேசும்.

ஸ்டோரில் கிடந்த ஐ3 டெஸ்க்டாப், 4 ஜி.பி. ராம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று 1,650 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். டெபியன் என்ற லினக்ஸ், அதன் மேல் மென்பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் டாக்கர், டாக்கருக்குள் வால்ட்வார்டன். இது கஷ்டமில்லை, 11 பேர் பயன்படுத்தும்போதும் 100 எம்.பி. ராமைத் தாண்டவில்லை. பிரவுசரில் 192.168 என்று தொடங்கும் உள் முகவரியை அடித்தேன். லாகின் பக்கம் வந்தது, உள்ளே போக முடியவில்லை. மறையாக்க வேலையைப் பிரவுசரே செய்கிறது, ஹெச்.டி.டி.பி.எஸ் இல்லாத பக்கத்துக்குப் பிரவுசர் அந்த வசதியைக் கொடுக்காது. சரி என்று ஹெச்.டி.டி.பி.எஸ்ஸுக்கு வேண்டிய சான்றிதழை நானே தயாரித்துப் போட்டேன். கம்ப்யூட்டர்களில் எச்சரிக்கையைத் தாண்டிப் போக முடிந்தது, மொபைல் ஆப் ஒரேயடியாக மறுத்துவிட்டது. எச்சரிக்கை வந்தால் தாண்டிப் போங்கள் என்று 11 பேருக்குப் பழக்கிவிடுவதும் நல்லதில்லை.

கடைசியில் 900 ரூபாய்க்கு ஒரு டொமைன் வாங்கி, அதன் ஒரு துணைப் பெயரை உள் முகவரிக்கே காட்டச் செய்தேன். முன்னால் கேடி என்ற வெப்சர்வர். அது, இலவசமாகச் சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்டிலிருந்து சான்றிதழ் வாங்கிக்கொள்ளும். 90 நாளுக்கு ஒருமுறை காலாவதியாகும் முன் தானே புதுப்பித்துக்கொள்ளும். சர்வர் வெளி இணையத்துக்குத் தெரியாததால், டொமைன் நம்முடையதுதான் என்பதை, பெயருக்கு முகவரி சொல்லும் டி.என்.எஸ் பதிவு வழியாக நிரூபிக்க வேண்டும். அதற்குக் கேடியோடு வராத ஒரு டி.என்.எஸ் பிளக்இன்னைச் சேர்த்து பில்ட் செய்தேன். சான்றிதழ் வந்தும் பக்கம் திறக்கவில்லை. போன் டேட்டாவில் தேடினால் பெயர் சரியாகக் கிடைக்கிறது, ஆபீஸ் வைஃபையில் கிடைக்கவில்லை. ரவுட்டரின் வேலை அது. வெளியுலகப் பெயர் ஒன்று உள் முகவரியைக் காட்டினால் ஏமாற்று என்று கருதி அந்தப் பதிலைத் தூக்கிப் போட்டுவிடும் பாதுகாப்பு அதில் இருந்தது. செட்டிங்கில் எங்கள் டொமைனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்ததும் திறந்தது.

ஆபீஸுக்கு வெளியிலிருந்து பார்க்க வேண்டாமா? வெளியிலிருந்து சர்வருக்கு வர ரவுட்டரில் போர்ட் (வழி) திறந்துவிடவே இல்லை. ஆப் ஒவ்வொரு போனிலும் மறையாக்கிய நகல் ஒன்றை வைத்திருக்கிறது. சர்வர் எட்டாத இடத்தில் அதைப் படிக்கலாம், திருத்த முடியாது. எங்களுக்கு அது போதும். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஆப்பில் நேரம் கடந்ததும் 'லாக்' ஆகும்படி வைக்க வேண்டும். 'லாக்-அவுட்' என்று இருந்தால் நகல் அழிந்துவிடும், மறுபடி நுழைய சர்வர் வேண்டும். முதலாளி கோயம்புத்தூர் ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிட்டபோதுதான் இது தெரிந்தது.

புதுக் கணக்கு யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்ற வசதியை 11 பேரும் சேர்ந்தவுடன் அணைத்தேன். நிர்வாகப் பக்கத்தையும் அணைத்துவிட்டேன், தினமும் தேவைப்படுவதில்லை.

மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு வருவோம். சொந்தமாக யோசிக்கச் சொன்னால் குலதெய்வம், பிள்ளை பெயர், வண்டி எண். பகடை உருட்டிச் சொற்களைத் தேர்ந்தெடுக்கும் டைஸ்வேர் முறையில், 5 பகடைக்கு 7,776 சொற்கள் கொண்ட ஆங்கிலப் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது. அந்த ஆங்கிலச் சொற்கள் எங்கள் ஆட்களுக்கு மனதில் நிற்கவில்லை. நாங்களே 216 சொல் எழுதினோம்: 3 பகடை, 6×6×6. பாபின், காலர், கப்பி என்று எங்களுக்குப் பழகியவை. ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரிதான் எழுத முடியும் என்ற சொற்களை மட்டும் சேர்க்க வேண்டியிருந்தது. ழகரம் வந்தால் ஒருவர் ஒரு மாதிரி அடிப்பார், அவரே நாளைக்கு வேறு மாதிரி அடிப்பார். வாழை, மழை, கழுதை எல்லாம் அவுட். நெடில் குழப்பம் வந்தவையும் போயின. ஆளுக்கு 6 சொல். 216-ஐ ஆறு முறை பெருக்கினால் 100 லட்சம் கோடிக்கு மேல் வரும். பட்டியலே திருடன் கையில் இருந்தாலும் இந்த எண்ணிக்கை குறையாது, ஏனென்றால் தேர்ந்தெடுத்தது பகடை. பகடை 40 ரூபாய். உருட்டிய பிறகு, "இந்த வார்த்த நல்லால்லீங்க, வேற போட்டுக்கறேன்" என்று மாற்றுவதை மட்டும் அனுமதிக்கவில்லை. எச்.ஆர். அக்காவுக்குக் கழுதை இல்லாத வருத்தம் இன்னும் இருக்கிறது.

எக்ஸெல்லிலிருந்து இறக்குமதி ஒரு கிளிக் வேலை என்றுதான் எல்லா வழிகாட்டிகளிலும் இருக்கும். எக்ஸெல் பல பாஸ்வேர்டுகளை ஏற்கெனவே கடித்து வைத்திருந்தது. முன்னால் இருந்த பூஜ்யங்கள் காணோம். 12 இலக்கப் பயனர் எண்கள் 1.23ஈ+11 என்று சுருங்கிக் கிடந்தன. சமக்குறியில் தொடங்கியவற்றை ஃபார்முலா என்று நினைத்துப் பிழை காட்டியது. சிலவற்றின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஸ்பேஸ். லிபர்ஆபீஸில் எல்லாக் கட்டங்களையும் எழுத்து வகையாக வைத்துத் திறந்து, ஒவ்வொரு தளத்திலும் நுழைந்து பார்த்துச் சரிசெய்த பிறகே, இறக்குமதிக்கு வேண்டிய சி.எஸ்.வி. ஃபைல் ஆக்கினேன். அந்த சி.எஸ்.வி. பூட்டு எதுவும் இல்லாமல், யார் திறந்தாலும் படிக்கும்படி இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. டவுன்லோட்ஸ், ரீசைக்கிள் பின், கூகுள் டிரைவ் மூன்றிலும் தேடி அழித்தேன்.

143-ல் 38 வரி, தொழிலாளர்களின் பி.எஃப். யு.ஏ.என். பாஸ்வேர்டுகள். பணம் எடுக்க உதவி கேட்டு வருகிறவர்களுக்கு எச்.ஆர். அக்காவே பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்து, நினைவுக்காகக் குறித்தும் வைத்திருந்தார். நல்ல மனசு. ஆனால் அது அவரவர் சேமிப்பு, கம்பெனி கையில் இருக்க வேண்டியதே இல்லை. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அவர்கள் போனிலேயே மாற்ற வைத்து, வரிகளை அழித்தோம். செத்துப் போன போர்ட்டல்கள் 22. மிச்சம் 83.

இந்த 83-ஐ எப்படிப் பிரிப்பது என்பதில்தான் அதிகம் சுற்றினேன். பெட்டகத்தில் கலெக்‌ஷன் என்று தனித்தனி அறைகள் உண்டு. யாருக்கு எந்த அறை என்று கொடுக்கலாம். முதலில் துறைவாரியாகப் பிரித்தேன்: அக்கவுண்ட்ஸ், ஷிப்பிங், மெர்ச்சண்டைசிங், எச்.ஆர். பார்க்க அழகாக இருந்தது. ஒரே வாரத்தில், டிராபேக் (ஏற்றுமதிக்காக அரசு திருப்பித் தரும் வரி) வந்ததா என்று பார்க்க வேண்டிய ஷிப்பிங் தம்பிக்காக அக்கவுண்ட்ஸ் அறையையே திறந்து கொடுக்க வேண்டி வந்தது. வருமான வரியும் அவருக்குப் போய்விட்டது. எல்லாத் துறையிலும் இதே கதை நடந்தது. எல்லோருக்கும் எல்லாம் என்று மறுபடி எக்ஸெல்லுக்கே வந்து நிற்கும் போலிருந்தது.

அதை அழித்துவிட்டு வேறு கேள்வி கேட்டேன்: இந்த ஆள் நாளைக்கு நின்றுவிட்டால் எதையெல்லாம் மாற்ற வேண்டும்? ஒரே கூட்டம் பயன்படுத்தும் பாஸ்வேர்டுகள் ஒரே அறைக்குப் போயின. ஐஸ்கேட்டுக்கு இரண்டு பேர் என்றால் இரண்டு பேருக்கான அறை. ஒவ்வொரு பையர் போர்ட்டலும் அந்த ஆர்டரைப் பார்க்கிறவரோடு. துறைப் பெயர்கள் போய் 14 சிறிய அறைகள் வந்தன. ஆளை அறையிலிருந்து எடுத்தால், அவருக்குத் தெரிந்தவற்றின் பட்டியல் அங்கேயே நிற்கிறது. அந்த 19-ம் இப்படித்தான் கிடைத்தது. சர்வரில் நிகழ்வுப் பதிவையும் இயக்கி வைத்திருந்ததால், எதை எப்போது திறந்தார் என்பதும் தெரிந்தது.

பயன்படுத்தலாம், பார்க்க முடியாது என்று பாஸ்வேர்டை மறைத்துக் கொடுக்கும் வசதியும் இருக்கிறது. அதை நம்பி எதையும் கொடுக்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் கட்டத்தை நிரப்பிய பிறகு, தளத்தின் கண் பட்டனை அழுத்தினால் பாஸ்வேர்டு தெரிகிறது. பேக்கிங் பிரிவுத் தம்பி காண்பித்தார், ரொம்ப நேரம் ஆகவில்லை.

பகிர்வதைவிட நல்லது பகிராமலே இருப்பது. இ-வே பில் தளத்தில் துணைப் பயனர்களை உருவாக்கலாம். 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் ஓ.டி.பி. கட்டாயம் ஆனபோது இது கை கொடுத்தது: துணைப் பயனருக்கு அவர் எண்ணுக்கே ஓ.டி.பி. போகும். எஸ்.எம்.எஸ் வராத குடோனில் என்.ஐ.சி-ஜி.எஸ்.டி-ஷீல்டு ஆப்பிலிருந்து எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். நெட்பேங்கிங்கில் ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் கொடுக்கும்படி வங்கியிடம் தனித்தனி ஐ.டி. கேட்டு வாங்கினோம். இவை பெட்டகத்தில் பொது அறைக்குள் வரவே இல்லை.

எல்லாம் தயார் என்று நினைத்த பிறகு நிஜமான பூட்டு முதலாளியின் சட்டைப் பையில் இருப்பது தெரிந்தது. பாதித் தளங்களின் ஓ.டி.பி. அவர் போனுக்கு, அவர் பேப்ரிக் பார்க்க ஈரோடு போனால் ரிட்டர்ன் நிற்கும். எஸ்.எம்.எஸ்ஸை வேறு போனுக்குத் தள்ளிவிடும் ஆப் ஒன்றைப் போடலாம் என்றார் ஒருவர். அந்த ஆப் வங்கி ஓ.டி.பி.யையும் சேர்த்துத் தள்ளும், வேண்டாம் என்றுவிட்டோம். 1,400 ரூபாய்க்கு ஒரு பட்டன் போன், கம்பெனி பெயரில் ஒரு சிம், அக்கவுண்ட்ஸ் டிராயரில். வங்கி தவிர மற்றவற்றில் பதிவு எண்ணை ஒவ்வொன்றாக மாற்றினோம். மொத்த வேலையிலும் அதிக நாள் பிடித்தது இதுதான். சில இடங்களில் லெட்டர்ஹெட்டில் கடிதம் கேட்டார்கள். பெட்டகத்தில் ஒவ்வொரு பதிவின் குறிப்பிலும், ஓ.டி.பி. எந்த எண்ணுக்கு, ரீசெட் எந்த மெயிலுக்கு, கடைசியாக மாற்றிய தேதி எது என்று மூன்று வரி எழுதி வைத்தோம். அந்த மூன்று வரி இல்லாமல் வெறும் பாஸ்வேர்டுக்குப் பாதி மதிப்புதான்.

பிரவுசர்களில் இன்னொரு ஓட்டை. நான்கு கம்ப்யூட்டர்களில் குரோம், ஊழியர்களின் சொந்த ஜிமெயிலோடு இணைந்திருந்தது. குரோமில் சேமித்த ஆபீஸ் பாஸ்வேர்டு எல்லாம் அவரவர் வீட்டு கம்ப்யூட்டருக்கும் போயிருக்கும். ஒன்றில், எப்போதோ வேலையை விட்டவரின் கணக்கு இன்னும் திறந்தே இருந்தது. எல்லாவற்றிலும் சேமிக்கும் வசதியை அணைத்து, எக்ஸ்டென்ஷன் மட்டும் போட்டோம். வாட்ஸ்ஆப்பில் போனவற்றை அழித்துப் பயனில்லை. எல்லோரிடமிருந்தும் நீக்கும் வசதி இரண்டு நாள் சொச்சத்துக்குத்தான். அவற்றின் பாஸ்வேர்டுகளையே மாற்றினோம்.

எக்ஸ்டென்ஷன் தளத்தின் முகவரி பொருந்தினால்தான் நிரப்பும். போலித் தளத்தில் பாஸ்வேர்டு கொடுப்பதை இது தடுக்கிறது. நிரப்பவில்லை என்றால் முகவரியைப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். பி.எஃப். தளத்தில் முதலாளி பக்கமும் தொழிலாளர் பக்கமும் ஒரே டொமைனில் இருப்பதால், அங்கே மட்டும், டொமைனுக்கு முன்னால் வரும் பகுதியும் சேர்ந்த முழு ஹோஸ்ட் பெயரும் பொருந்த வேண்டும் என்று மாற்றினேன்.

பேக்கப்பை ஓடும்போதே வெறுமனே காப்பி எடுக்கக் கூடாது. பெட்டகத்தின் டேட்டாபேஸான எஸ்.கியூ.லைட் கடைசி மாற்றங்களைத் தனி ஃபைலில் வைத்திருக்கும். அதன் சொந்த பேக்கப் கட்டளையால் எடுத்தால்தான் முழுசாக வரும். தினமும் இரவு 11 மணிக்கு எடுத்து, வெள்ளிக்கிழமை பென்டிரைவுக்கு. இரண்டு பென்டிரைவ், 760 ரூபாய், ஒன்று எப்போதும் முதலாளி வீட்டில். ஒரு லேப்டாப்பில் எல்லாவற்றையும் மீட்டுப் பார்த்தபோது பாஸ்வேர்டுகள் வந்தன, இணைத்திருந்த பி.டி.எஃப்.கள் வரவில்லை. அவை டேட்டாபேஸுக்கு வெளியே தனி ஃபோல்டரில் இருக்கின்றன; சர்வரின் சாவி ஃபைலும் அப்படியே. இப்போது டேட்டா ஃபோல்டர் முழுதும் போகிறது. மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை. மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்தால் சர்வரிலிருந்து எடுக்க வழியில்லை என்பதால், உரிமையாளர் அந்தஸ்து முதலாளிக்கும் எனக்கும். இருவருடைய சொற்களும் ஒட்டிய கவரில், பீரோ லாக்கரில்.

மொத்தச் செலவு: எஸ்.எஸ்.டி. 1,650, டொமைன் 900, போன் 1,400, பென்டிரைவ் 760, பகடை 40. ஆக 4,750 ரூபாய். சிம் ரீசார்ஜும் கரண்டும் தனி. சும்மா இருக்கும்போது டெஸ்க்டாப் 30 வாட் இழுக்கிறது, மாதம் 22 யூனிட் கிட்ட வருகிறது. மறுபடி செய்தால் 5 வாட்டில் ஓடும் ராஸ்பெர்ரி பை மாதிரி ஒன்றில் செய்வேன். கம்பெனி சிம்மை முதல் நாளே வாங்கி, எண் மாற்றும் வேலையை ஆரம்பித்துவிட்டு அப்புறம்தான் சர்வர் பக்கம் போவேன். துறைவாரிப் பிரிவினைக்கு ஒரு நிமிஷம்கூடச் செலவிட மாட்டேன்.

டிஜிட்டல் கையெழுத்து போடும் சாவி இருக்கும், பென்டிரைவ் மாதிரியான டோக்கன் மட்டும் பாக்கி. அதைத் திறக்கும் பின் (PIN) எண்ணை டேப்பில் எழுதி டோக்கனிலேயே ஒட்டியிருந்தோம், கிழித்துவிட்டேன். பின் எண்ணைப் பொது அறையில் போடவில்லை. கையெழுத்துச் சாவி கையெழுத்துக்காரரின் கட்டுப்பாட்டில்தான் இருக்க வேண்டும் என்கிறது 2000-ம் வருடத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ம் பிரிவு. முதலாளியின் தனிப் பெட்டகத்தில் பின் இருக்கிறது, டோக்கன் அவர் ரூமில். ஷிப்பிங் தம்பி இப்போது ஒவ்வொரு பில்லுக்கும் மாடி ஏறி, "அண்ணா, கொஞ்சம் சைன் பண்ணிக் குடுங்க" என்று நிற்கிறார். முதலாளிக்கும் பிடிக்கவில்லை, தம்பிக்கும் பிடிக்கவில்லை. அந்தத் தம்பியின் பெயரிலேயே கையெழுத்து அதிகாரம் கொடுத்துத் தனி டோக்கன் வாங்குவதுதான் வழி என்று தோன்றுகிறது. அதற்கான அதிகாரக் கடிதம் முதலாளி மேஜையில் இருக்கிறது.